அரைக்கட்டையும் ஒரு கீ ஸ்விட்ச்சும்

மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று, இந்த முறை யாருக்கும் கோபம் வராத ஒரு சப்ஜெக்டை எடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க வைப்பது எப்படி, அதில் வயலினிடம் 'இப்போது வில்லால் இழு, இப்போது விரலால் மீட்டு' என்று சொல்வது எப்படி, சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம்தான் இந்தப் பதிவு. கடைசி விஷயத்தில் அடியேனுக்குச் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் டிபார்ட்மென்ட் மக்களுக்கு எந்த அனுபவம் என்று இந்நேரம் புரிந்திருக்கும். ஆமாம், அந்த 'டிங்'தான். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். :-)

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

டைரக்டரும் அப்பத்தாவும்

எங்கள் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். பேரைச் சொன்னால் உதைப்பான், அதனால் டைரக்டர் என்றே வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்துவிட்டு மூன்று வருடமாக ஷார்ட் ஃபிலிம் மட்டுமே எடுத்துக்கொண்டிருப்பவன். அவனுடைய நான்காவது படம் அவன் அப்பத்தாவைப் பற்றியது. 11 நிமிடம். அப்பத்தா தவறி ஆறு மாதம் கழித்து, அவர் படுத்திருந்த கயிற்றுக் கட்டில், வெற்றிலை இடித்த சின்ன உரல், சாய்ந்து உட்கார்ந்த திண்ணைத் தூண் எல்லாவற்றையும் அதே வீட்டில் வைத்து எடுத்தான். ஊர் லால்குடி பக்கம். லால்குடி என்றாலே எனக்கு லால்குடி ஜெயராமனின் வயலின்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த மண்ணில் எடுத்த படத்துக்கு வயலின் வைக்கும் பொறுப்பு, 25 கட்டை கீபோர்டும் 4 ஜிபி ராம் லேப்டாப்பும் வைத்திருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. விதி வலியது.

படத்தின் கடைசி இரண்டு நிமிடம்தான் முக்கியம். காலிக் கட்டில். வெயில் மெதுவாக நகர்கிறது. பின்னணியில் டைரக்டரின் அக்கா வார்த்தை இல்லாமல் ஒரு தாலாட்டை முனகுகிறார். அதற்கு அடியில் வயலின், வியோலா, செல்லோ எல்லாம் சேர்ந்து நீளநீளமான கார்டுகள். ஒவ்வொன்றும் நான்கு செகண்ட். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கிடையாது. நான் வாழ்க்கையில் செய்தவற்றிலேயே உருப்படியான விஷயம் அது என்று அப்போது நினைத்தேன். (இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன்.)

கீ ஸ்விட்ச்னா என்னாங்க?

கதையைத் தொடர்வதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். தூங்குகிறவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போகலாம்.

மிருதங்கம் ஒன்றுதான். ஆனால் தா, தி, தொம், நம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் வேறு, சத்தம் வேறு. வயலினும் அப்படித்தான். ஒரே சுரத்தை வில்லால் நீளமாக இழுத்தால் சஸ்டெய்ன். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளி தெரியாமல் போனால் லெகாட்டோ. வில்லைத் துள்ள விட்டால் ஸ்பிக்காட்டோ. வில்லை நடுங்குவது போல் வேகவேகமாக முன்னும் பின்னும் ஆட்டினால் ட்ரெமொலோ. பேய்ப்படத்தில் கதவு திறப்பதற்கு முன்னால் வருமே, அது. வில்லின் மரப்பகுதியால் நரம்பைத் தட்டினால் கோல் லென்யோ. ஹோல்ஸ்ட் எழுதிய 'தி பிளானெட்ஸ்' தொகுப்பில் செவ்வாய்க் கிரகத்துக்கான பகுதி இந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும். வில்லே வேண்டாம் என்று விரலால் மீட்டினால் பிட்ஸிகாட்டோ. சைக்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனியில் மூன்றாவது பகுதி முழுக்க வயலின் குடும்பம் வில்லைத் தொடவே தொடாது. இந்த வகைகளுக்கு எல்லாம் பொதுப் பெயர் ஆர்ட்டிகுலேஷன்.

சாம்பிள் தொகுப்பு விற்கும் கம்பெனிகள் என்ன செய்கின்றன? நிஜமான கலைஞர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு சுரத்தையும், ஒவ்வொரு வகையிலும், மெதுவாக, பலமாக என்று தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கின்றன. வியன்னா சிம்பொனிக் லைப்ரரிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த இடைப்பட்ட நொடியையும் பதிவு செய்தார்கள், லெகாட்டோ நிஜமாகக் கேட்கவேண்டும் என்பதற்காக. எல்லாம் சரி. ஆனால் இத்தனை வகையில் எது வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்வது?

இங்கேதான் வில்லங்கம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மிடி மொழி 1983-இல் வந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் அது சொல்லும் சேதி மூன்றே மூன்று: எந்தக் கட்டை (0 முதல் 127 வரை ஒரு எண்), எவ்வளவு பலமாக, எந்தச் சேனலில். வில்லா, விரலா என்று சொல்ல அதில் இடமே கிடையாது. (2020-இல் வந்த மிடி 2.0-இல் நோட்டோடு சேர்த்து இந்த மாதிரித் தகவலையும் அனுப்ப ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பொட்டிக்கு அது வந்து சேரும்போது எனக்குப் பேரன் பிறந்திருப்பான்.)

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் மிடி எண் 55. அதற்குக் கீழே உள்ள கட்டைகள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை எடுத்து, இதை அழுத்தினால் சஸ்டெய்ன், பக்கத்துக் கட்டையை அழுத்தினால் பிட்ஸிகாட்டோ, அதற்கடுத்தது ட்ரெமொலோ என்று வைத்துவிட்டார்கள். அழுத்தினால் சத்தம் வராது. ஆனால் அதற்குப் பிறகு வரும் சுரங்கள் எல்லாம் அந்த வகையில் ஒலிக்கும். இதுதான் கீ ஸ்விட்ச்.

தமிழில் டைப் அடிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். என்.எச்.எம் ரைட்டரிலோ இ-கலப்பையிலோ தமிழுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதை மறந்து, பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்த அனுபவம் யாருக்கு இல்லை? ஸ்விட்ச்சைப் போட்டது ஒரு நொடி. அதன் விளைவு, அடுத்து மாற்றும் வரை. நடுவில் எந்த நிலையில் இருக்கிறோம் என்று திரையில் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நாம்தான் பார்க்க மாட்டோம்.

அந்த ராத்திரி

திரையிடலுக்கு முந்தைய நாள் இரவு 11 மணிக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, சுருதி ரொம்பக் கீழ இருக்குடா. அரைக்கட்டை ஏத்திக் குடேன், புதுசாப் பாடி அனுப்பிடறேன்."

அரைக்கட்டை என்றால் கீபோர்டில் பக்கத்துக் கட்டை, அவ்வளவுதானே? எல்லாவற்றையும் செலக்ட் செய்தேன், ஒன்று ஏற்றினேன். இரண்டு செகண்ட் வேலை. "அக்கா, முடிஞ்சுது" என்று கெத்தாகச் சொன்னேன். அவர் பாடி அனுப்ப ஒரு மணி ஆனது. குரலை வைத்து, அது ஆரம்பிக்கும் ஒன்பதாவது பாரிலிருந்து ஓட விட்டுக் கேட்டேன். அருமை. வயலின்கள் இழைகின்றன, செல்லோ அழுகிறது. இரண்டு தடவை கேட்டேன், கண் லேசாகக் கலங்கியதுகூட. முதலிலிருந்து கடைசி வரை ஃபைலாக எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு டைரக்டர் வந்து பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனான். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

மத்தியானம் செமினார் ஹால். நூறு பேருக்கு மேல். டைரக்டரின் அப்பா வேட்டி சட்டையில், முதல் வரிசையில். அவர் மகன் எடுத்த படத்தைப் பார்க்க வருவது அதுதான் முதல் தடவை. படம் அவருடைய அம்மாவைப் பற்றியது என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

ஒன்பது நிமிடம் ஹாலில் சத்தமே இல்லை. காலிக் கட்டில் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், என் வயலின்களுக்காக.

டிங்.

நான்கு செகண்ட் மௌனம்.

டிங்.

வில்லால் இழுக்கவேண்டிய அத்தனை கார்டுகளும் விரலால் மீட்டப்பட்டு, ஆளுக்கொரு டிங்கோடு நின்றன. டாம் அண்ட் ஜெர்ரியில் பூனை கால் விரலை ஊன்றி நடக்குமே, அந்தச் சத்தம். கட்டில், வெயில், டிங். மூன்றாவது டிங்குக்குக் கடைசி வரிசையில் ஒருவன் சிரித்தான். ஐந்தாவதற்குள் பாதி ஹால் சிரித்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் அங்கே வெறும் பார்வையாளனாக இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். டைரக்டரின் அப்பா மட்டும் திரும்பிப் பார்த்தார். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

டைரக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஏன்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வாரம் பேச்சில்லை.

போஸ்ட் மார்ட்டம்

அறைக்கு வந்ததும் முதல் வேலையாக பிராஜெக்டைத் திறந்தேன். ஒன்பதாவது பாரிலிருந்து ஓட்டினால் அழகாக இழைகிறது. முதலிலிருந்து ஓட்டினால் டிங். மறுபடி ஒன்பதாவது பார், இப்போது அதுவும் டிங்! ஙே என்று விழித்தேன். பேய்தான் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பேயெல்லாம் இல்லை. இரண்டு சின்ன ஓட்டைகள் கைகோத்துக்கொண்டு வந்திருக்கின்றன.

ஒன்று: எல்லாவற்றையும் செலக்ட் செய்து அரைக்கட்டை ஏற்றினேன் அல்லவா? கீ ஸ்விட்ச்சும் மிடியைப் பொறுத்தவரை ஒரு நோட்டுதான். அதுவும் ஏறிவிட்டது. முதல் பாரில் இருந்த 'சஸ்டெய்ன்' கட்டை, பக்கத்துக் கட்டையான 'பிட்ஸிகாட்டோ'வுக்கு நகர்ந்துவிட்டது. எனக்கோ அது கண்ணிலேயே படவில்லை. பியானோ ரோலில் அது வயலின் நோட்டுகளுக்கு மூன்று ஆக்டேவ் கீழே, திரைக்கு வெளியே கிடந்தது.

இரண்டு: அப்படியானால் ராத்திரி ஏன் ஒழுங்காகக் கேட்டது? நான் ஒன்பதாவது பாரிலிருந்து ஓட்டினேன். கீ ஸ்விட்ச் இருந்தது முதல் பாரில். அதைத் தாண்டவே இல்லை. சாம்பிள் தொகுப்போ கடைசியாகக் கேட்ட கட்டளையான சஸ்டெய்னிலேயே உட்கார்ந்திருந்தது. எக்ஸ்போர்ட் முதல் பாரிலிருந்து போனது, புதுக் கட்டளையைச் சந்தித்தது, பிட்ஸிகாட்டோவுக்கு மாறியது. நான் கேட்டது நேற்றைய நிலை. ஹால் கேட்டது இன்றைய நிலை.

'சேஸ்' என்று ஒரு வசதி பல மென்பொருள்களில் உண்டு. நடுவிலிருந்து ஓட்டினாலும் பின்னால் போய், இதற்கு முன் என்னென்ன கட்டளை வந்தது என்று துரத்திப் பிடித்து வரும். ஆனால் நோட்டுகளைப் பொறுத்தவரை, அந்த இடத்தில் இன்னும் அழுத்தியபடி இருக்கும் நோட்டைத்தான் பிடிக்கும். கீ ஸ்விட்ச்சை நாம் ஒரு சின்னப் புள்ளி மாதிரி போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். அது அப்போதே முடிந்துபோன நோட்டு. யாரும் துரத்த மாட்டார்கள்.

பெரியப்பா சொன்னது

மூன்றாவது வாரம் ரூம்மேட்டின் வீட்டுக்கு, சென்னைக்குப் போயிருந்தேன். அவனுடைய பெரியப்பா வயலின் கலைஞர். சினிமா ரெக்கார்டிங்குகளில் இரண்டாவது வயலின் வரிசையில் பல வருடம் வாசித்தவர். ரூம்மேட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கதையை ஒப்பித்துவிட்டான். பெரியப்பா சிரிக்கவில்லை. "எங்க தம்பி, நீ எழுதினதக் காட்டு" என்றார்.

நான் எங்கே எழுதினேன்? லேப்டாப்பில் மிடி ஃபைலை ஸ்டாஃப் நோட்டேஷனாக மாற்றிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் பாரில் ஐந்து கோட்டுக்கும் கீழே, கீழே, இன்னும் கீழே, ஏணி மாதிரி குட்டிக்கோடுகள் போட்டு ஒரு நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதென்னப்பா? வயலின்ல இல்லாத நோட்டு?"

"அது நோட்டு இல்ல பெரியப்பா, கீ ஸ்விட்ச். வில்லால வாசிங்கன்னு அர்த்தம்."

"அப்ப 'ஆர்கோ'ன்னு எழுத வேண்டியதுதானே? கட்டளையக் கொண்டுபோய் நோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியே. நோட்ட மாத்தினா கட்டளையும் மாறத்தானே செய்யும்?"

பிறகு ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டினார். மேலே 'பிட்ஸ்' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு பார் தள்ளி 'ஆர்கோ'. நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நோட்டின் தலைக்கு மேலும் சில இடங்களில் புள்ளி, சில இடங்களில் கோடு. "பிட்ஸ்னு போட்டா அடுத்து ஆர்கோ வர்ற வரைக்கும் பிட்ஸ்தான். புள்ளி அப்படி இல்ல, அந்த ஒரு நோட்டுக்கு மட்டும். ரெண்டும் வேற வேற. கண்டக்டர் '57லருந்து போலாம்'னு சொன்னா நாங்க உடனே வாசிக்க மாட்டோம், கண்ணு தன்னால பின்னாடி போயி பிட்ஸா ஆர்கோவான்னு பாத்துட்டு வரும். உன் மிஷின் பாக்காது. நீதான் பாக்க வைக்கணும்."

இரண்டு மாதமாக மேனுவல் படித்து எனக்குப் புரியாதது, இரண்டு நிமிடத்தில் புரிந்தது. கட்டளைகளில் இரண்டு ஜாதி. ஒன்று, மாற்றும் வரை நீடிக்கும் நிலை. இன்னொன்று, அந்த ஒரு சுரத்துக்கு மட்டுமான குணம். ஆர்ட்டிகுலேஷனை நிர்வகிப்பது என்பது இந்த இரண்டையும் குழப்பாமல், சுரத்தோடு கலக்காமல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எழுதி வைப்பது. மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவதுதான்.

பிற்பாடு தேடிப் படித்ததில் இது எவ்வளவு பழைய சமாச்சாரம் என்று தெரிந்தது. 1624-இல் மான்டெவெர்டி தன்னுடைய ஒரு இசை நாடகத்தில், இந்த இடத்தில் வில்லை வைத்துவிட்டு இரண்டு விரலால் நரம்பை மீட்டவேண்டும் என்று கலைஞர்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். பிட்ஸிகாட்டோவுக்கான மிக ஆரம்பகாலக் குறிப்புகளில் அது ஒன்று. எனக்குப் பிடித்தது அது இல்லை. கொஞ்சம் தள்ளி, வில்லை மறுபடி எடுத்துக்கொள்ளவும் என்றும் மறக்காமல் எழுதியிருக்கிறார். மனுஷன் நானூறு வருடத்துக்கு முன்னாலேயே கீ ஸ்விட்ச்சைப் போட்டதோடு நிற்காமல் திரும்ப எடுத்தும் விட்டிருக்கிறார்!

சரி, என்னதான் வழி?

மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதல் வழி, வகைக்கு ஒரு டிராக். வயலின் சஸ்டெய்ன் தனி, ஸ்பிக்காட்டோ தனி, பிட்ஸிகாட்டோ தனி. கீ ஸ்விட்ச்சே கிடையாது, குழப்பமும் கிடையாது. இன்னொரு பெரிய லாபம் டைமிங். லெகாட்டோ சாம்பிள்கள் மெதுவாக எழும்பும், ஸ்பிக்காட்டோ டக்கென்று அடிக்கும். தனித்தனி டிராக்காக இருந்தால் லெகாட்டோ டிராக்கை மட்டும் கொஞ்சம் மில்லிசெகண்ட் முன்னால் இழுத்து வைக்கலாம். நஷ்டம், ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு நூறு டிராக் ஆகிவிடும். ஒரே மெட்டு மூன்று டிராக்கில் துண்டுதுண்டாகக் கிடக்கும், ஒரு வரியை மூன்று பேர் பங்குபோட்டுப் பாடுவது மாதிரி. என் 4 ஜிபி ராம் கையெடுத்துக் கும்பிட்டது.

இரண்டாவது வழி, நான் செய்தது. ஒரே டிராக், பச்சையான கீ ஸ்விட்ச் நோட்டுகள். வேகமானது, எங்கும் வேலை செய்யும். ஆனால் எல்லா ஆபத்தும் இதில்தான். இதையே வைத்திருக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கீ ஸ்விட்ச்சைப் புள்ளியாகப் போடாமல், அடுத்த கீ ஸ்விட்ச் வரை நீட்டி விடுங்கள். அப்போது சேஸ் அதைப் பிடிக்கும். அரைக்கட்டை ஆபத்து மட்டும் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது வழி, கட்டளையை நோட்டிலிருந்து பிரித்துவிடுவது. கியூபேஸில் 2009-இல் ஐந்தாவது பதிப்போடு எக்ஸ்பிரஷன் மேப் வந்தது. ஆர்ட்டிகுலேஷனுக்குத் தனி வரிசை, அதில் பேரைப் பார்த்தே வரைந்துவிடலாம். கீ ஸ்விட்ச்சை அனுப்புவது மென்பொருளின் பாடு. அதிலும் டைரக்ஷன், ஆட்ரிபியூட் என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். முன்னது அடுத்தது வரும் வரை நீடிக்கும், பின்னது அந்த நோட்டுக்கு மட்டும். பெரியப்பா சொன்ன அதே பிட்ஸும் புள்ளியும்! லாஜிக் ப்ரோவில் 2018-இல் வந்த ஆர்ட்டிகுலேஷன் செட் வேறு மாதிரி. ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் ஒரு அடையாள எண் ஒட்டிவிடும். நோட்டை எங்கே காப்பி செய்தாலும் கூடவே போகும், எங்கிருந்து ஓட்டினாலும் சரியாக ஒலிக்கும். ரீப்பரில் ரியாட்டிகுலேட் என்ற இலவச நீட்சி உண்டு. அது கட்டளையை புரோகிராம் சேஞ்ச் என்ற வேறு வகைச் சேதியாக டிராக்கில் எழுதி வைக்கும். நோட்டு இல்லை என்பதால் எத்தனை கட்டை ஏற்றினாலும் அசையாது. மாணவன் பட்ஜெட்டுக்கு நான் இப்போது இருப்பது இங்கேதான். (ரீப்பருக்கு 60 நாள் சோதனை, அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். கேன்டீன் பாக்கியை அடைத்ததும் கட்டிவிடுவேன்.)

நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு குறுக்கு வழி, 2022 டிசம்பரில் வந்த மியூஸ்ஸ்கோர் 4. இலவசம். அதற்கான மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளும் இலவசம். வயலின் வரிக்கு மேலே 'பிட்ஸ்' என்று போட்டால் மீட்டும், 'ஆர்கோ' என்று போட்டால் இழுக்கும். பெரியப்பா ஆசைப்பட்ட மாதிரியே.

பட்டுத் தெரிந்துகொண்ட சில பழக்கங்கள்:

1. எல்லாத் தொகுப்புக்கும் ஒரே பட்டியல். ஒரு கம்பெனி முதல் கட்டையில் லெகாட்டோ வைக்கும், இன்னொன்று ட்ரெமொலோ வைக்கும். இதற்காகவே ஸ்பிட்ஃபயர் ஆடியோ, மிடி கன்ட்ரோலர் 32-ஐ வைத்து இந்த வகைக்கு இந்த எண் என்று ஒரு பொது ஏற்பாடு வைத்திருக்கிறது. நான் என் பங்குக்கு 1 சஸ்டெய்ன், 2 லெகாட்டோ, 3 ஸ்பிக்காட்டோ, 4 பிட்ஸ், 5 ட்ரெமொலோ என்று வைத்து, எந்தத் தொகுப்பாக இருந்தாலும் மேப்பில் அதே வரிசையில் போட்டுவிடுகிறேன்.

2. ஆக்டேவ் எண்ணை நம்பாதீர்கள். மிடி எண் 60-ஐ ஒருவர் சி3 என்பார், இன்னொருவர் சி4 என்பார், சி5 என்பவரும் உண்டு. மேனுவலில் சி0 என்று போட்டிருந்தால் உங்கள் திரையில் அது வேறு ஆக்டேவில் இருக்கலாம். அழுத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. கட்டளை சுரத்துக்கு முன்னால் வரவேண்டும். இரண்டும் ஒரே நொடியில் இருந்தால் சில சமயம் சுரம் முந்திக்கொள்ளும். கீ ஸ்விட்ச்சை ஒரு பொடி முன்னால் நகர்த்தி வையுங்கள்.

4. ஒவ்வொரு புதுப் பகுதியின் ஆரம்பத்திலும் நிலையை மறுபடி எழுதுங்கள். ஏற்கெனவே சஸ்டெய்னில்தான் இருக்கிறது என்று தெரிந்தாலும் எழுதுங்கள்.

5. ஆர்ட்டிகுலேஷன் நிறைய இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தூவாதீர்கள். மாட் வீலை ஆட்டி ஏற்ற இறக்கம் கொடுத்தால் சஸ்டெய்ன் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். ஆட்டாவிட்டால் ஹார்மோனியம்தான்.

6. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். பிராஜெக்டை அல்ல, ஃபைலை. இதை மட்டும் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஆர்கோ

சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒன்று தோன்றியது. மூன்று வாரமாக டைரக்டர் தானாகச் சரியாகிவிடுவான் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். தானாக எப்படி ஆகும்? யாராவது ஆர்கோ எழுதவேண்டும் அல்லவா? திருச்சியில் இறங்கியதும் நேராக அவன் அறைக்குப் போனேன். "மச்சி, தப்பு என்னுது. கேக்காம குடுத்துட்டேன். சரி பண்ணிட்டேன், வந்து கேளு" என்றேன். கீ ஸ்விட்ச் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஹெட்போனை வாங்கி இரண்டு நிமிடமும் கேட்டான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்" என்றான்.

போனேன். படத்தில் வந்த அதே திண்ணை, அதே தூண். லேப்டாப்பை அந்தக் கயிற்றுக் கட்டிலில் வைத்து ஓட்டினோம். அவன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கடைசி இரண்டு நிமிடம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பாரில் அக்காவின் குரல் வந்தது. செல்லோ அடியில் மெதுவாக இழைந்தது. டிங் இல்லை.

படம் முடிந்து அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடைசியை மட்டும் இன்னொருக்கா போடு தம்பி" என்றார். போட்டேன். கேட்டுவிட்டு, செல்லோ வரும் இடத்தில் விரலை உயர்த்திக் காட்டி, "இந்தச் சத்தம்... அம்மா பொரண்டு படுத்தா கட்டில் இப்படித்தான் முனகும்" என்றார். உள்ளே திரும்பி, "தம்பிக்குக் காப்பி கொண்டா" என்றார்.

பின்குறிப்பு: மூன்றாவது டிங்குக்கு முதலில் சிரித்த மகானுபாவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனுடைய பிராஜெக்ட் டெமோ அடுத்த மாதம். நான் முதல் வரிசையில் இருப்பேன். :-)